நாய் குரைக்காத மேடம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் மூக்கும் எழுதிப் பிழைக்கிறவன் நான். முகம்தான் என் தொழில். அப்படிப்பட்ட நான், வருடத்தில் பாதி நாள் எங்கள் ஷெட்டுக்கு வந்துபோன ஒரு பெண்மணியின் முகத்தை மறந்துவிட்டேன்.

போன வாரம் பாக்கிங் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். முதலில் யாரோ ஒரு தலைவர் மாதிரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். தும்பிக்கை ஒன்றுதான் பாக்கி, மற்றபடி யானை. அண்ணியிடம் காட்டினேன்.

“யாரு தம்பி இது, ஒங்க மாமியாரா?” என்றார்.

மாமியாரிடம் காட்டவில்லை. அவ்வளவு அறிவு எனக்கு உண்டு.

அந்தப் பெண்மணி கண்ணாடி போட்டிருந்தாரா? போட்டிருந்தார் என்று ஒரு நாளும், இல்லை என்று மறுநாளும் தோன்றுகிறது. வயது நாற்பதுக்கு மேலே, அறுபதுக்குக் கீழே. பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற எல்லோருக்கும் அந்த வயதுதான். பெயரை ஒருமுறை சொன்னார். கேட்டுத் தலையாட்டியது நினைவிருக்கிறது, பெயர் இல்லை. குரல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதுவும் போவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட். அண்ணனும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். அண்ணன் வேலை செய்வார், நான் பேசுவேன். சின்னச் சின்ன யானைகள் செய்கிறோம், ஷோகேஸில் வைப்பதற்கு. நான் கண் எழுதிய யானைகளில் பாதி, பக்கத்து ஷோகேஸைப் பார்க்கும்.

ஷெட்டில் ஒரு நாய் உண்டு. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், லாரிக்காரர், கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் வெடி வைக்கிற சத்தம், நான் என்று எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும். சோறு போடுகிறவன் என்பதால் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சலிப்போடு குரைக்கும், அவ்வளவுதான் மரியாதை.

ஒருநாள் அது குரைக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது ஸ்லிப் தொட்டியின் ஓரத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். தோசை மாவுப் பதத்தில் கரைத்து வைத்த களிமண்ணைத்தான் நாங்கள் ஸ்லிப் என்போம். அதில் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்து, வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் அவர் செருப்பை ஒட்டிப் படுத்திருந்தது. அவரோடு பழகிவிட்டது போல அல்ல. அங்கே ஒருவர் நிற்பதே அதற்குத் தெரியாதது போல.

“இது கட்டி தட்டாம, அடியில தங்காம இருக்க என்னா போடுறீங்க?”

“சிலிக்கேட்டு, மேடம். சொட்டுச் சொட்டா. கொறஞ்சா சேறு, கூடுனா தயிரு.”

“எனக்கும் அதே தொல்லதான்,” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சிதம்பரம் பக்கம் ஏதோ ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி. மருந்தை உடம்புக்குள் சுமந்து போகிற உருண்டைகள் செய்வதாகச் சொன்னார். உருண்டை என்றதும் நான் லேகியம் என்று நினைத்துக்கொண்டு, “தேன்லயா, வெல்லத்துலயா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“பாலு புளிக்குதுல்ல, அந்தப் புளிப்புல இருக்கற அமிலத்துலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் செய்யலாம். அதுல உருண்ட. கண்ணுக்குத் தெரியாது. நீங்க யானைக்குப் புருவம் இழுக்கறீங்களே, அந்தக் கோட்டுக்குக் குறுக்கால ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும். அதுக்குள்ள மருந்த வெச்சு ரத்தத்துல வுடறது.”

“எதுக்கு மேடம் அவ்ளோ செரமம்? மருந்த அப்புடியே ஊத்திட்டா?”

“அப்புடியே ஊத்துனா எல்லா எடத்துக்கும் போயி எல்லாத்தையும் அடிக்கும். போவ வேண்டிய எடத்துக்குக் கொஞ்சந்தான் போவும். மூடி அனுப்புனா, போயி மெதுவாத் தொறந்துக்கும்.”

“அப்பறம் அந்த உருண்ட?”

“கரஞ்சிடும்.” விரலில் காய்ந்திருந்த ஸ்லிப்பை ஊதிவிட்டார். “கொண்டுபோயி வெச்சிட்டு, கொண்டுபோனது இல்லாம போயிடணும். அதான் நல்ல உருண்ட.”

தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு என்னவோ முதுகில் சில்லென்றது. மின்விசிறி என்று நினைத்தேன். கரண்ட் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அதன் பிறகு அடிக்கடி வந்தார். எப்போது வந்தார் என்று ஒருமுறைகூட எனக்குத் தெரிந்ததில்லை. கண் எழுதிக்கொண்டிருப்பேன், நிமிர்ந்தால் எதிர் ஸ்டூலில் இருப்பார். ஒருமுறை அவரைப் புது வாடிக்கையாளர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொல்லி, விலைப்பட்டியலை எடுத்து நீட்டினேன். பொறுமையாக வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு முறையும் நீட்டினேன். அப்போதும் படித்தார்.

பாலக்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு உண்டு. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது அதன் முன்னால் அவர் நின்றிருந்தார். கதவு திறக்கவில்லை. நான் போய் நின்றதும் திறந்தது. “பூச்சு சரியா இருக்குது,” என்று சொல்லிவிட்டு என் பின்னாலேயே உள்ளே வந்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நான் சத்தமாகச் சிரித்தேன். வாசலில் இருந்த காவலாளி என்னை மட்டும் பார்த்து, தனியாகச் சிரிக்கிறவனைப் பார்ப்பது போல, ஒதுங்கி நின்றார்.

பூச்சு என்றால் என்ன என்று இன்னொரு நாள் கேட்டேன்.

“ஒடம்புக்குள்ள காவலுக்குச் சுத்தற செல்லுங்க இருக்குது. புதுசா எது வந்தாலும் புடிச்சு முழுங்கிடும். அதுக்குத் தெரியாம இருக்க உருண்ட மேல ஒரு பூச்சு கொடுப்போம். அப்பவும் முக்காவாசி ஈரல்ல போயி மாட்டிக்கும். ஏதோ கொஞ்சம் தப்பிச்சுப் போவும்.”

நாங்களும் பூச்சு கொடுக்கிறவர்கள்தான். யானைக்குக் கண்ணாடி மாதிரி கிளேஸ் அடிப்பதே, போகிறவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்றுதான். கண்ணில் படாமல் இருக்கப் பூச்சு கொடுக்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.

அண்ணிக்கு அந்தச் சமயம் வாயெல்லாம் புண். காரம் பட்டால் உயிர் போகும், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் சமையல்கட்டு மேடையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்தால் மணத்தக்காளிக் கீரைக் கூட்டு, காரமில்லாமல். சூடாக இருந்தது. இன்றைக்கும் அண்ணியைக் கேட்டால் டப்பாவைப் பற்றி ஒரு மணிநேரம் சொல்வார். மூடி ஒரு ஓரம் நசுங்கியிருக்கும், அடியில் புள்ளி வைத்து வெட்டிய பெயர் படிக்க முடியாமல் தேய்ந்திருக்கும். கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

“யாரோ வெச்சிட்டுப் போயிருந்தாங்க தம்பி, கழுவி வெச்சதும் எடுத்துட்டும் போயிட்டாங்க. ஆனா கொல்லக் கதவு தாப்பா போட்டுதான் இருந்துது.”

இனி அண்ணன் கதைக்கு வர வேண்டும். மேடம் கதையே அண்ணன் கதைதான்.

யானை செய்கிற விதத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. பிளாஸ்டர் அச்சுக்குள் ஸ்லிப்பை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சும், மண் உள்சுவரில் தோலாகப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் உள்ளே வெற்றிடம். ஊற்றிய ஓட்டை யானையின் வயிற்றடியில் இருக்கும். அதை ஒரு மண் வில்லையால் அடைத்து, கட்டைவிரலால் அழுத்தி, ஊசியால் ஒரு குத்துக் குத்த வேண்டும். காற்றுக்கு வழி இல்லாவிட்டால் சூளையில் யானை வெடித்துவிடும். அடைப்பதும் குத்துவதும் என் வேலை. அதனால் எங்கள் யானை ஒவ்வொன்றின் வயிற்றிலும் என் கட்டைவிரல் ரேகை இருக்கும். உலகத்துக்கு நான் விட்டுவிட்டுப் போகும் முத்திரை அங்கேதான்.

சூளையிலிருந்து எடுத்த பிறகு அண்ணன் வேலை. ஒவ்வொரு யானையையும் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே உதிரி மண் விழுந்து வெந்திருந்தால் கலகலக்கும். கலகலத்தால் உடைப்பார். உடைத்து, சத்தம் போட்டது எது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தூக்கிப் போடுவார்.

“கிலுகிலுப்பன்னு சொல்லி வித்துடலாம் அண்ணே,” என்பேன்.

“உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாம எப்புட்றா வெளிய அனுப்பறது?” என்பார்.

அந்த ஐப்பசியில் அண்ணன் கழுத்தில் துண்டு ஏறியது. சூளைச் சூட்டிலும் இறக்கவில்லை. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது அண்ணி பார்த்துவிட்டார். காதுக்குக் கீழே, கழுத்துப் பக்கவாட்டில், ஒரு கட்டி.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் முடியாது என்றார். திட்டக்குடியில் எங்கள் சித்தப்பா ஒருவர் இருந்தார். கட்டி என்று போனார், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், ஆறு மாதத்தில் போய்விட்டார். “ஊசி பட்டா பரவிடும். அவரு நல்லாத்தான் இருந்தாரு, ஊசி பட்டுதான் செத்தாரு,” என்பது அண்ணனின் முடிவு. அதற்கு மேல் ஒரு வார்த்தை உள்ளே போகாது. அண்ணி அழுதார், சாப்பிடாமல் கிடந்தார். சேப்ளாநத்தம் மாமா வந்து சத்தம் போட்டார். அண்ணன் டீ கிளாஸைச் சுவரில் அடித்துவிட்டு எழுந்து போனார். நான் என் பங்குக்கு நகைச்சுவையாகச் சொல்லிப் பார்த்தேன். “கழுத்துல என்னா அண்ணே, தங்கம் வெல ஏறிடிச்சின்னு முழுங்கி வெச்சிருக்கியா?” ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

“யான வயித்துல கெடக்கறத ஒடச்சிப் பாத்தாதான் தூக்கம் வரும். தன் கழுத்துல இருக்கறத மட்டும் பாக்கக் கூடாது,” என்று அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே சுவருக்குச் சொல்வார்.

கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. துண்டைச் சுற்றுகிற விதத்திலேயே தெரிந்தது. இப்படியே விட்டால் அண்ணன் போய்விடுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மேடத்திடம் நான் இதைச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று அண்ணி என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். ஒருநாள் மேடம் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணன் யானைகளைக் குலுக்கிக் குலுக்கி அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“இவருக்குக் காது வழியாத்தான் போவும்.”

“என்னா மேடம்?”

நிமிர்ந்தால் ஸ்டூலில் யாரும் இல்லை. நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகை பிறந்து மழை விட்ட ஒரு காலையில் சூளை பிரித்தோம். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து குலுக்க ஆரம்பித்தார். பாதி முடிந்திருக்கும். ஒரு யானையைக் காதில் வைத்துக் குலுக்கியவர் கையை நிறுத்திவிட்டார். மறுபடி குலுக்கினார். எனக்கும் கேட்டது. உதிரி மண்ணின் கலகலப்பு அல்ல. ஒரே ஒரு பொருள், உருண்டு, ஒரு பக்கம் முட்டி, திரும்பி மெதுவாக உருண்டு மறுபக்கம் முட்டுகிற சத்தம்.

உடைத்தார்.

உள்ளே ஓர் உருண்டை. நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் கொஞ்சம் தட்டை, இன்னொரு பக்கம் சின்ன மேடு. அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய இடது கை, அவருக்கே தெரியாமல், துண்டுக்குள் போய்க் கழுத்தைத் தடவியது. இரண்டு கைகளும் ஒரே மாதிரி நகர்ந்தன. மேடு வந்த இடத்தில் இரண்டு விரல்களும் ஒன்றாக நின்றன.

“இது எப்ப ஊத்துனது?” என்று கேட்டார்.

உடைந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். காது மடங்கிய பழைய அச்சு. அந்த அச்சை நாங்கள் ஆடிக்கு முன்னாலேயே உடைத்துப் போட்டாயிற்று. அதில் கடைசியாக ஊற்றிய சில யானைகள் முந்தைய சூளைகளில் இடமில்லாமல் பலகையிலேயே காய்ந்துகொண்டு கிடந்தவை. ஆடிக்கு முன்னால் அண்ணன் கழுத்து வெறும் கழுத்து. ஊசி ஓட்டை வழியாக நெல்லிக்காய் நுழையாது. அடைப்பதற்கு முன்னாலேயே உள்ளே போட்டிருக்க வேண்டும். அடைத்த வில்லையைத் தேடி எடுத்தேன். அதில் என் கட்டைவிரல் ரேகை.

நான்தான் மூடியிருக்கிறேன். பக்கத்தில் யாரோ இருந்தார்கள், ஏதோ சொன்னார்கள், நான் சிரித்துக்கொண்டே அழுத்தினேன். அது மட்டும் நினைவிருக்கிறது. யார் என்பது இல்லை.

அண்ணன் உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போய் அண்ணியிடம், “பாண்டிச்சேரிக்கு மொத பஸ்ஸு எப்பன்னு கேளு,” என்றாராம். அண்ணி உடனே பையில் துணி எடுத்து வைத்தார்.

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். நினைத்ததுதான். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். கொடுக்கப் போகிற மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, நுண்ணிய பாலிமர் உருண்டைக்குள் வைத்து வருகிற மருந்து என்று ஆரம்பித்தார்.

“பாலு புளிப்புலேர்ந்து செய்யறதுதான டாக்டர்? பூச்சு குடுத்துதான வருது? அப்பவும் முக்காவாசி ஈரலுக்குப் போயிடுமே?” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க எங்க வேல பாக்கறீங்க?”

“யான செய்யறேன் சார்.”

முதல் முறை மருந்து ஏற்றிக்கொண்டு அண்ணன் வெளியே வந்ததும், நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் தோளைப் பிடித்து லேசாகக் குலுக்கி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். தொழில் புத்தி. வராந்தாவில் இருந்த நர்ஸ் நின்று பார்த்தார். “டேய், நான் என்னா பொம்மையா?” என்று அண்ணன் என் தலையில் தட்டினார். ஐப்பசிக்குப் பிறகு அவர் என்னைத் திட்டியது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடுவில் ஒருநாள் மேடத்தைத் தேடிக்கொண்டு சிதம்பரம் போனேன். நான் நினைத்த காலேஜின் வாசலில் காவலாளி கேட்டார், “எந்த மேடம்? எப்புடி இருப்பாங்க?” நாற்பதுக்கு மேலே, அறுபதுக்குக் கீழே என்றேன். உயரமா, குள்ளமா என்றார். நடுத்தரம் என்றேன். கறுப்பா, சிவப்பா என்றார். அதுவும் நடுத்தரம் என்றேன். கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில். அண்ணனுக்கு உள்ளே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வெளியே வரிசை நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினால் பக்கத்து நாற்காலியில் மேடம். எவ்வளவு நேரமாக இருந்தார் என்று தெரியாது. மடியில் மூடி நசுங்கிய டப்பா.

“மேடம், யானைக்குள்ள அத வெச்சது நீங்கதான?”

“போயிச் சேந்துதா?”

“சேந்துது மேடம்.”

“அப்பச் சரி.” டப்பா மூடியை அழுத்தி மூடினார். “முன்னாடி எங்க வூட்லயே ஒருத்தருக்கு நேரா சொல்லிட்டேன். சொன்னது வாசல்லயே நின்னுடிச்சு. உள்ள போவல.”

யாருக்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டு வந்தால் நாற்காலியில் டப்பா மட்டும். திறந்தேன். இட்லி இருந்தது, இரண்டு பேருக்கு. பசி. அண்ணன் வந்ததும் இருவரும் தின்றுவிட்டோம். டப்பாவை அண்ணி இன்னும் பருப்புக்கு வைத்திருக்கிறார்.

அண்ணனுக்கு முடி கொட்டியது, வாந்தி இருந்தது, இளைத்தார். கட்டியும் இளைத்தது. அந்த உருண்டையை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், சட்டை மாற்றினால் அதுவும் மாறும். ஒருநாள் அண்ணி சொன்னார், “தம்பி, இது சின்னதாப் போவுதா, எனக்குத்தான் அப்புடித் தெரியுதா?” வாங்கிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு இருந்தது. கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கும் அண்ணி என்றேன். சூளையில் வெந்த பீங்கான் கை பட்டுத் தேயாது என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். இரண்டு பேரும் வேறு பேச்சுப் பேசினோம்.

இந்த மாசி மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். அன்று சாயங்காலம் அண்ணி சட்டையைத் துவைக்க எடுத்துப் பையில் கையை விட்டார். ஒன்றும் இல்லை. பையைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டையும் இல்லை.

இப்போது அண்ணன் மறுபடி பெஞ்சுக்கு வந்துவிட்டார். முடி முளைத்திருக்கிறது, முன்னைவிடச் சுருட்டையாக. கழுத்தில் துண்டு இல்லை. நாய் எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறது. சில நாள் எதிர் ஸ்டூல் பக்கம் திரும்பிச் சும்மா இருக்கும். அப்போது நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன், யானைப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே, “வாங்க மேடம்” என்று மெதுவாகச் சொல்லிவைப்பேன். மரியாதைக்கு.

நேற்று, வரைந்து பார்த்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு யானையைக் காதில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே சத்தம் ஏதும் இல்லை.

“அண்ணே, அந்த மேடம் மொகம் ஒனக்காவது ஞாபகம் இருக்குதா?”

யானையை அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“எந்த மேடம்?”